அக்கா லண்டனில் வீட்டிலேயே பெற்றாள். எனக்கு மட்டும் ஏன் கூடாது?

கேள்வி: எனக்கு 28 வயது. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இரண்டாவது கர்ப்பம், இது 24ஆவது வாரம். முதல் குழந்தை தனியார் ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். பேர்தான் சுகம். போனவுடனே வலி வருவதற்கு ட்ரிப் போட்டார்கள். மல்லாக்கப் படுக்கவைத்துக் காலைக் கட்டினார்கள். ஒரு வார்த்தை கேட்காமல் கத்தரித்துத் தையல் போட்டார்கள். கத்தினதற்கு, 'பெத்துக்க ஆசைப்படும்போது தெரியலையா' என்றார் நர்ஸ். அம்மாவைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கடைசியில் ரத்தம் கொஞ்சம் அதிகமாகப் போச்சு என்று இரண்டு ஊசி போட்டார்கள், மறுநாள் ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மற்றபடி பிரச்சினை ஒன்றும் இல்லை.

லண்டனில் இருக்கும் என் அக்கா போன வருடம் இரண்டாவது குழந்தையை வீட்டிலேயே பெற்றாள். பிரசவம் பார்க்கவே தனியாகப் படித்த மிட்வைஃப் இரண்டு பேர் வந்து பார்த்துக்கொண்டார்களாம். அவள் சொல்வதைக் கேட்டதிலிருந்து எனக்கும் அதே ஆசை. வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் பழக்கமான, இயற்கைப் பிரசவப் பயிற்சி பெற்ற ஒரு அம்மா கோவையிலிருந்து வருவதாகச் சொல்கிறார். மாமியார், 'நாங்கெல்லாம் ஆசுபத்திரிக்கா போனோம்?' என்று என் பக்கம். வீட்டுக்காரர் ரெண்டுங்கெட்டான். எங்கள் ஊர் நர்ஸம்மாவிடம் சொன்னேன், திட்டிவிட்டுப் போய்விட்டார். பெரிய ஆஸ்பத்திரி 22 கிலோமீட்டர். ஹீமோகுளோபின் 9.4, மற்றதெல்லாம் நார்மல். என்ன செய்யட்டும்?

பதில்:

முதலில் அக்கா விஷயத்தைப் பேசிவிடுவோம், அம்மணி. அவர் செய்ததும் நீங்கள் செய்யப்போவதும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். 'வீடு' என்ற ஒரு சொல்தான் இரண்டுக்கும் பொது.

அக்கா எடுத்த முடிவில் நான் குறை சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் சிக்கல் இல்லாத கர்ப்பிணிகள் சுமார் 64,000 பேரைக் கவனித்து 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டாவது, மூன்றாவது பிரசவத்துக்கு வீட்டைத் தேர்ந்தெடுத்தவர்களின் குழந்தைகளுக்கும், ஆஸ்பத்திரியில் பெற்றவர்களின் குழந்தைகளுக்கும் ஆபத்தில் வித்தியாசம் தெரியவில்லை. கத்தரிப்பு, சிசேரியன் எல்லாம் வீட்டுப் பக்கம் குறைவு. தலைச்சன் பிரசவம் என்றால் கதை வேறு: குழந்தைக்கு உயிர்ச்சேதமோ பெரிய பாதிப்போ ஆஸ்பத்திரியில் 1000க்கு 5 என்றால் வீட்டில் 9.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்ப மாட்டார்கள். வீட்டில் பெறுவதாகத் திட்டமிட்ட தலைச்சன் தாய்மார்களில் 100க்கு 45 பேரைப் பாதி வழியில், அல்லது பிறந்த கையோடு, ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஏற்கெனவே பெற்றவர்களில் 100க்கு 12 பேர். இதை நான் தோல்விக் கணக்காகப் பார்க்கவில்லை. அங்கே வீட்டுப் பிரசவம் பத்திரமாக இருப்பதற்குக் காரணமே இந்தக் கணக்குதான். வந்த மிட்வைஃபுக்கு மனசில் லேசாகச் சந்தேகம் தட்டினால் போதும். ஒரு போனில் ஆம்புலன்ஸ் வந்துவிடும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களோ அதே அமைப்பில் சம்பளம் வாங்குகிறவர் அவர். கேஸ் கட்டு அவரிடம் இருக்கும். லேபர் வார்டில் யாரும் 'எதுக்கும்மா வீட்டில வச்சிருந்தீங்க' என்று கத்த மாட்டார்கள். உங்கள் அக்கா வீட்டு வாசலில் நின்றது இரண்டு பெண்கள். அவர்களுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு முழு ஆஸ்பத்திரி நின்றுகொண்டிருந்தது.

நம் ஊரில் அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. மத்திய அரசு 2018இல் மிட்வைஃப் சேவைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டு, நர்ஸ்களுக்கு 18 மாதத் தனிப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. தெலங்கானா இதில் முன்னோடி. நல்ல முயற்சி, நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பயிற்சி முடித்தவர்களுக்கு வேலை ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் தனிப் பிரிவில்தான். வீட்டுக்கு வருவதற்கு அவர்களை அனுப்புவதில்லை. அப்படியானால் கோவையிலிருந்து வருகிற அம்மா யார்?

அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, நல்லவராகவே இருக்கட்டும். நீங்கள் அவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. தமிழ்நாடு செவிலியர் மன்றத்தில் மிட்வைஃபாகப் பதிவு செய்திருக்கிறாரா, பதிவு எண் என்ன? 1926ஆம் வருடச் சட்டத்திலிருந்து வருகிற பதிவு இது. சரியாகப் படித்தவர்கள் எண்ணைச் சொல்லத் தயங்கவே மாட்டார்கள். ரத்தம் நிற்க ஊசி கொண்டுவருவாரா, கோவையிலிருந்து வரும் வழியில் அதை எதில் வைத்திருப்பார்? ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து, ஹேண்ட்பேக்கில் போட்டு வெயிலில் வைத்திருந்தால் வீரியம் குறையும். குழந்தை அழவில்லை என்றால் முதல் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு கொடுக்கும் பலூனும் மாஸ்க்கும் இருக்கிறதா, கடைசியாக அதை எப்போது கையில் எடுத்தார்? எந்தக் கட்டத்தில் 'இனி ஆஸ்பத்திரிதான்' என்பார், அப்போது எந்த டாக்டரைக் கூப்பிடுவார்? பயிற்சி என்று அவர் சொல்வது டூலா பயிற்சியாக இருக்கலாம். டூலா என்றால் துணை: முதுகைத் தேய்த்துவிடுவார், தைரியம் சொல்வார், மூச்சுப் பயிற்சி சொல்லித்தருவார். அதுவும் பெரிய உதவிதான். ஆனால் அவர் மிட்வைஃப் இல்லை; ரத்தம் கொட்டும்போது அவரும் உங்களோடு சேர்ந்து பயப்படத்தான் முடியும்.

ரத்தம் என்றேன். உங்கள் கடிதத்தில் ட்ரிப், கத்தரிப்பு, நர்ஸ் சொன்ன சொல் எல்லாவற்றையும் கோபத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அதன் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி: இரண்டு ஊசி போட்டார்கள், மறுநாள் ரத்தம் ஏற்றினார்கள், 'மற்றபடி பிரச்சினை ஒன்றும் இல்லை.' என் கண் அங்கேதான் நின்றது.

1987இல் கிராம சுகாதாரச் செவிலியராக வேலையில் சேர்ந்தேன். வீட்டுப் பிரசவம் எனக்குப் புத்தகத்தில் படித்த சங்கதி அல்ல. அப்போது தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பிரசவம் வீட்டில்தான். பிளேடையும் நூலையும் சட்டியில் போட்டுக் கொதிக்கவைத்து, கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தால் விடிய விடிய ஆகும். மலையடிவாரத்தில் ஒரு ஊர், 1991 ஐப்பசி, நல்ல மழை. மூன்றாவது பிரசவம் அந்தப் பெண்ணுக்கு. முதல் இரண்டையும் பார்த்த மருத்துவச்சிப் பாட்டியும் என்னோடு இருந்தார். உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக் குத்தவைத்து, அழகாகப் பெற்றாள். கீறல்கூட இல்லை. குழந்தை அழுதது, நஞ்சுக்கொடி விழுந்தது. நான் குழந்தையைத் துணித்தூளியில் போட்டுத் தராசில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். பாட்டிதான் சொன்னார்: 'அம்மிணி, பாயைத் தூக்கிப் பாரு.'

கோரைப்பாயில் ரத்தம் தேங்காது. இடுக்கு வழியாக இறங்கிவிடும். மேலே பார்த்தால் ஒரு கை அகலத்துக்குத்தான் ஈரம்; தூக்கினால் சாணி மெழுகிய தரை முழுக்கச் சிவப்பு. வயிற்றில் கை வைத்தேன். பிள்ளை பெற்ற பிறகு கர்ப்பப்பை தேங்காய் மாதிரி கெட்டியாக நிற்க வேண்டும். அது பிசைந்த மாவு மாதிரி கிடந்தது. கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கிற மெத்தர்ஜின் ஊசி கையில் ஒன்றுதான் இருந்தது, அதைப் போட்டேன், வயிற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். பாட்டி நஞ்சை அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஓரத்தில் ஒரு துண்டு குறைகிறது என்றார். விடியக்காலை நாலு மணிக்குப் பால் வண்டி வந்தது. பால் கேனுக்கு நடுவில் படுக்கவைத்து, ஆஸ்பத்திரி வரும்வரை வயிற்றிலிருந்து கையை எடுக்காமல் போனேன். பிழைத்துக்கொண்டாள். அவள் பிழைத்தது பால் வண்டி வரும் நேரமாக இருந்ததால்.

அன்று யார் கையிலும் தப்பு நடக்கவில்லை. பிரசவம் லேசாக ஆனதா கஷ்டமாக ஆனதா என்பதற்கும், பிறகு ரத்தம் நிற்குமா என்பதற்கும் பல சமயம் சம்பந்தமே இல்லை. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. சுருங்கி அந்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்காவிட்டால், உயிர் போகிற அளவுக்கு வடிவதற்குச் சராசரியாக இரண்டு மணி நேரம்தான் என்று மருத்துவத்தில் கணக்குச் சொல்வார்கள். ஒரு முறை அப்படிப் போனவர்களுக்கு மறுமுறையும் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். உங்களுக்கு ஒரு முறை போயிருக்கிறது. இப்போது ஹீமோகுளோபின் 9.4. கர்ப்பிணிக்கு 11க்குக் குறைந்தாலே ரத்தசோகை. 12 இருக்கிறவள் தாங்குகிற இழப்பை 9 இருக்கிறவள் தாங்க மாட்டாள். 'எல்லாருக்கும் அப்படித்தானே' என்பீர்கள். உண்மைதான், 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ரத்தசோகை. எல்லாருக்கும் இருப்பதால் அது நார்மல் ஆகிவிடாது.

இதே இரண்டு விவரத்தையும் உங்கள் அக்காவிடம் சொல்லி, அவருடைய மிட்வைஃபிடம் கேட்கச் சொல்லுங்கள். முன்பு ரத்தப்போக்குக்கு மருத்துவம் பார்த்தவர்களை டாக்டர் இருக்கும் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர்களுடைய தேசிய வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. வலி தொடங்கும் நேரத்தில் ஹீமோகுளோபின் 8.5க்கும் 10.5க்கும் நடுவில் இருந்தால் தனியாக யோசித்து முடிவெடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. லண்டனிலேயே இருந்தாலும், உங்களுக்கு வீடு வேண்டாம் என்றுதான் அவர் சொல்வார். நானும் அதையேதான் சொல்கிறேன். வீட்டில் வேண்டாம்.

இத்தோடு நிறுத்தினால் உங்கள் ஊர் நர்ஸம்மா திட்டியதற்கும் நான் எழுதியதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நீங்கள் தேடுவது வீட்டுச் சுவர் நான்கை அல்ல என்று நினைக்கிறேன். 'உனக்கு என்னம்மா வேணும்' என்று கேட்கிற ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதானே? முதல் முறை உங்களுக்கு நடந்தது தப்பு. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவப் பரிந்துரைகளில் நீங்கள் ஏங்குவது அத்தனையும் இருக்கிறது. விருப்பப்பட்ட ஆள் துணைக்கு இருக்கலாம். நடக்கலாம், குத்தவைக்கலாம், ஒருக்களித்துப் படுக்கலாம். தண்ணீர் குடிக்கலாம். எல்லாருக்கும் கத்தரிப்பது கூடாது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்பதற்காக மட்டும் ட்ரிப் போடக் கூடாது. உங்களுக்கு ட்ரிப்பில் போட்டதும் ரத்தம் நிற்கப் போடுவதும் ஒரே மருந்துதான், அம்மணி. வலி தானாக நன்றாக வந்துகொண்டிருக்கும்போது அவசரத்துக்கு ஏற்றினால் அது படுத்தும். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தொடையில் 10 யூனிட் போட்டால் அதுவே உயிரைக் காக்கும். முன்னதற்கு 'எதுக்கு, கொஞ்சம் பொறுக்கலாமா' என்று கேளுங்கள். பின்னது வேண்டாம் என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஆகவே இந்த மூன்று மாதமும் ஆஸ்பத்திரி தேடுகிற வேலையைப் பாருங்கள். தனியாரோ அரசோ, முன்கூட்டியே ஒரு தடவை போய் லேபர் ரூம் நர்ஸிடமே பேசுங்கள். டாக்டர் பத்து நிமிடம் வருவார். எட்டு மணி நேரம் கூட இருக்கப்போவது நர்ஸ்தான். துணைக்கு ஆள் விடுவீர்களா, படுக்காமல் இருக்கலாமா, எல்லாருக்கும் கத்தரிப்பீர்களா, குழந்தையை உடனே நெஞ்சில் போடுவீர்களா என்று கேளுங்கள். பதிலைவிட, கேட்டவுடன் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். சிசேரியன் எத்தனை சதவீதம் என்றும் கேட்கலாம், தப்பில்லை. 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்துக்கு 45 சிசேரியன், தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் எடுத்தால் 64. உங்களுக்கு வந்த பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விட அனுமதி பல வருடமாகவே உண்டு. அதே அறையில் மற்றப் பெண்களும் இருப்பதால் பெரும்பாலும் கணவரை விட மாட்டார்கள். அம்மாவையோ அண்ணியையோ விடுவார்கள். ஆனால் அனுமதி இருப்பது வேறு, அந்த ஷிஃப்டில் இருப்பவர் விடுவது வேறு. அதற்குத்தான் முன்னாலேயே போய் முகம் காட்டிவிட்டு வரச் சொல்கிறேன்.

உங்கள் விஷயத்தில் ஒரு நிபந்தனை: இரவு இரண்டு மணிக்கும் ரத்தமும் மயக்க மருந்து டாக்டரும் இருக்கிற இடமாக இருக்க வேண்டும். பக்கத்தில் எந்த அரசு ஆஸ்பத்திரியில் சீமாங் மையம், அதாவது அவசரப் பிரசவத்தையும் பச்சிளம் குழந்தையையும் பார்க்கிற பிரிவு, இருக்கிறது என்று உங்கள் ஊர் நர்ஸம்மாவுக்குத் தெரியும். அவரோடு சமாதானம் ஆகிவிடுங்கள். அவர் திட்டியதற்குப் பின்னால் அவருடைய வேலையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. இந்த மாநிலத்தில் நூற்றுக்குத் 99 பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. மிச்சம் இருக்கிற கொஞ்சத்தில் ஏதாவது ஆகிவிட்டால் முதல் கேள்வி அவரிடம்தான் வரும். வாட்ஸ்அப் குரூப்பில் சிலர் ஸ்கேனும் வேண்டாம், நர்ஸிடம் சொல்லவும் வேண்டாம், மறைத்துவிடு என்பார்கள். அதை மட்டும் கேட்காதீர்கள். பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது, கர்ப்பத்தைப் பதிவு செய்தால் கிடைக்கிற ஆர்.சி.எச். எண்ணுக்கு அலைவது ஒரு பக்கம் இருக்கட்டும், அவசரத்தில் கதவைத் தட்ட ஒரு ஆள் வேண்டாமா?

மாமியார் காலத்துப் பிரசவத்தில் நல்லது இல்லாமலா போயிற்று. அதில் பாதியை நீங்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். வலியின் முதல் பகுதியை வீட்டிலேயே கழியுங்கள். சுடுதண்ணீரில் குளியுங்கள், நடங்கள், மாமியாரை இடுப்பில் எண்ணெய் தேய்க்கச் சொல்லுங்கள். சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுப்பார். சூட்டு வலியாக இருந்தால் அடங்கிவிடும், நிஜ வலி என்றால் ஏறும் என்பது பெரியவர்கள் கணக்கு. சீரகம் செய்கிறதோ ஓய்வு செய்கிறதோ, நிஜ வலி அடங்காது என்பது நான் பார்த்தவரை சரியாகவே இருந்திருக்கிறது. ஆனால் இரண்டாவது பிரசவம் சீக்கிரம் ஓடும். 22 கிலோமீட்டர் வேறு. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒழுங்காக வலி வரத் தொடங்கினாலே கிளம்பிவிடுங்கள், ஐந்து நிமிடம் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பனிக்குடம் உடைந்தால், ரத்தம் பட்டால், குழந்தை அசைவு குறைந்தால், தலைவலியோடு கண் மங்கினால் வலிக்காகக்கூடக் காத்திருக்காதீர்கள்.

கிளம்புவதற்குள் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதை வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் இப்போதே சொல்லிவையுங்கள். 108க்குப் போன். குழந்தையை இழுக்கக் கூடாது, தானாக வரட்டும். சுத்தமான துணியால் துடைத்து, உங்கள் வெறும் நெஞ்சின் மேல் போட்டு, தலையோடு சேர்த்து மூட வேண்டும். கொடியை அறுக்க வேண்டாம், ஆம்புலன்ஸில் வருபவர் பார்த்துக்கொள்வார். நஞ்சை இழுக்கவே கூடாது. தானாக விழுந்தால் தூக்கிப் போடாமல் ஒரு பையில் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், துண்டு குறைகிறதா என்று பார்க்க வேண்டும். பாய் வேண்டாம், கீழே வெள்ளைத் துணி விரியுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். எவ்வளவு ரத்தம் போனது, ஏன் போனது என்று அதில் இருக்கும். இல்லாவிட்டால் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. புது டாக்டரிடம் பேசத் தொடங்கும்போதே அதை மேஜைமேல் வையுங்கள். இரண்டாவது, இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? டீயோடு போட்டால் உடம்பில் ஒட்டாது, இரண்டு மணி நேரம் தள்ளி எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். ஒரு மாதத்தில் ஏறவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றுவார்கள், அதற்குப் பயப்பட வேண்டாம். 34ஆவது வாரத்தில் மறுபடியும் ஹீமோகுளோபின் பாருங்கள். எவ்வளவு வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.